டைப் பிடிபடவில்லை என்கிறார்கள்: காஸ்டிங் டைப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

மேடைவிளக்கு:

வணக்கம். நாடகத்திலிருந்து கேமரா பக்கம் வந்து, இடைவிடாமல் ஆடிஷன் கொடுத்துவருகிறேன். சின்ன வேடங்கள் கிடைக்கின்றன: ஒரு காட்சி, நாலு வசனம். அதற்கு மேல் நகரவில்லை. கருத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நடிப்புல குறையில்லை, ஆனா உங்க டைப் என்னன்னு பிடிபடலை." அதாவது, பார்த்ததும் எந்த மாதிரி ஆளாகத் தோன்றுகிறேன் என்று தெரியவில்லையாம்.

வயது 34. பார்க்க அதைவிட இளமையாகத் தெரிவேன். குரல் மட்டும் கனமானது. ப்ரொஃபைலில் "வயது 20–45, எந்தக் கதாபாத்திரமும் செய்வேன்" என்று போட்டிருக்கிறேன். போலீஸ் உடை, கோட், விவசாயி, தாடியோடு, தாடி இல்லாமல் என்று ஒரு டஜன் படங்கள் ஏற்றியிருக்கிறேன்.

டைப்பை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்த பிறகு படம், ஷோரீல் (நடித்த காட்சிகளின் சிறு தொகுப்பு), செல்ஃப் டேப் (நாமே எடுத்து அனுப்பும் ஆடிஷன் வீடியோ) இவற்றில் எதை மாற்ற வேண்டும்? ஒரு டைப்பில் பெயர் வந்துவிட்டால் அதிலேயே முடக்கிவிட மாட்டார்களா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேர்வுமேசை:

உங்கள் ப்ரொஃபைலிலேயே பாதிப் பதில் இருக்கிறது. "எந்தக் கதாபாத்திரமும் செய்வேன்" என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள். வேடத்துக்கு ஆள் தேடுகிறவர் மனதில் ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கிறார். எல்லாமும் செய்வேன் என்பவர் அந்த ஆளாக அவர் கண்ணில் படவே மாட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பது இதுதான். வேடத்துக்கான குறிப்பு ஒன்று வரும்: "முப்பதுகளின் தொடக்கம். அவசரப் பிரிவு டாக்டர். தூங்கிப் பல மணி நேரம் ஆனவர். நாயகியிடம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டியவர்." அதற்குப் பக்கத்தில் வரிசை வரிசையாகச் சிறு படங்கள். ஒவ்வொரு முகத்தின் மேலும் கண் நிற்பது ஓரிரு விநாடி. அந்த நேரத்தில் பார்ப்பவர் மனதில் "இவர் யாராக இருப்பார்" என்று எழுகிற ஊகம்தான் டைப். உங்களால் எதையெல்லாம் நடிக்க முடியும் என்பது வேறு கணக்கு. அது இரண்டாவது கட்டத்தில்தான் பேச்சுக்கு வரும்.

சின்ன வேடத்தில் டைப்புக்கு ஏன் இவ்வளவு கனம் என்றால், விளக்கச் சொல்ல நேரம் இல்லை. நாலு வசனம் பேசும் டாக்டரை, கதவைத் திறந்து உள்ளே வந்ததுமே டாக்டர் என்று நம்ப வேண்டும். அவர் ஏன் டாக்டர் போல இல்லை என்று பார்வையாளர் ஒரு விநாடி யோசித்தாலும் காட்சி நாயகியிடமிருந்து நழுவிவிடும். வேடம் பெரிதாகப் பெரிதாக, எதிர்பாராத ஆளைப் போட்டுப் பார்க்கும் துணிச்சல் இயக்குநருக்கு வரும். குணத்தைக் காட்டக் காட்சிகள் இருக்கும். நீங்கள் இப்போது நிற்கும் இடம் டைப் மிக அதிகமாகப் பேசுகிற இடம்.

இது புதிதாக வந்த வழக்கமும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் காமெடியா டெல் ஆர்ட்டே குழுக்களில் நடிகர் பெரும்பாலும் ஒரே வேடத்தை ஆண்டுக்கணக்கில் செய்தார்: கஞ்சக் கிழவர் பாண்டலோனே, மேதாவிப் பேச்சுக்காரர் டொட்டோரே, வாய்ச்சொல் வீரர் கபித்தானோ. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடகக் கம்பெனிகளும் நாயகன், இளையவன், வில்லன், கிழவர் என்று வரிசை பிரித்துத்தான் ஆள் எடுத்தன. அடுத்தடுத்து நாடகம் மாறும், ஒத்திகைக்கு நாள் கிடையாது, பிரதி வந்ததும் யாருக்கு எது என்று உடனே தெரிய வேண்டும். இன்றும் காரணம் அதே நேர நெருக்கடிதான்.

இனி உங்கள் கேள்வி. டைப் என்றதும் பலரும் தொழிலை நினைக்கிறார்கள்: போலீஸ், வக்கீல், ஆசிரியர். தொழில் டைப் ஆகாது. ஒரு காவல் நிலையக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க வந்தவரை உட்காரச் சொல்லி, பேனா மூடியைக் கழற்றி, "முதல்லேருந்து சொல்லுங்க" என்கிற காவலர் ஒருவர். பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல் "நாளைக்கு வாங்க" என்பவர் இன்னொருவர். சுவரேறிக் குதித்து ஓடுகிறவர் மூன்றாமவர். உடை ஒன்றுதான், மூவருக்கும் எடுக்கிற நடிகர்கள் வேறு. முதலாமவர் ஆறுதல் தருகிறார், இரண்டாமவர் தடையாக நிற்கிறார், மூன்றாமவர் வேகம் கூட்டுகிறார். கதையில் செய்யும் இந்த வேலைதான் டைப்பின் நடுக்கூறு. அதைச் சுற்றி மூன்று விஷயங்கள்: திரையில் தெரியும் வயது, அதிகாரத்தில் மேலா கீழா, உடலின் இயல்பான வேகம்.

இந்த நான்கையும் தெரிந்துகொள்ள அந்நியர்களிடம்தான் கேட்க வேண்டும். நண்பர்களும் சக நடிகர்களும் உங்கள் குணத்தை வைத்துப் பதில் சொல்வார்கள். திரையில் உங்களை முதன்முறை பார்ப்பவருக்கு அந்தக் குணம் தெரியாது.

மூன்று பொருள்கள் தயார் செய்யுங்கள். ஒப்பனை, ஃபில்ட்டர் எதுவும் இல்லாத ஒரு புகைப்படம். ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற 20 விநாடி வீடியோ, சத்தம் இல்லாமல். உணர்ச்சி இல்லாத ஒரு பத்தியை வாசிக்கும் 20 விநாடி ஆடியோ. ஒருவருக்கு ஒன்று மட்டும் காட்டுங்கள். மூன்றையும் ஒருவருக்கே கொடுத்தால் முதலில் பார்த்ததை வைத்தே மற்றதற்கும் பதில் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து பேர் போதும்.

கேட்க வேண்டியவை: இவருக்கு என்ன வயது? என்ன வேலை பார்க்கிறார்? அங்கே இவர் உத்தரவு போடுபவரா, வாங்குபவரா? எந்த மாதிரிச் சிக்கலுக்கு இவரிடம் உதவி கேட்டுப் போவீர்கள்? கோபம் வந்தால் என்ன செய்வார்? இவர் வெளியே சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம் என்னவாக இருக்கும்? பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், நாகரிகமாக மாற்ற வேண்டாம். "நான் வில்லனுக்குப் பொருந்துவேனா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள், அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை.

பிறகு எண்ணுங்கள். வயதில் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் தள்ளிவிட்டு நடுவில் வருவதை எடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் நான்கு வருடம். அதுதான் உங்கள் திரை வயது. 8 முதல் 10 வருடத்துக்கு மேல் போகும் வயது வரம்பை யாரும் நம்புவதில்லை. 20–45 என்று போடும்போது கல்லூரி மாணவனைத் தேடுபவருக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கும் அப்பாவைத் தேடுபவருக்கும் உங்கள் படம் போய் நிற்கிறது, இரண்டு பேரும் தள்ளிவிடுகிறார்கள். இது திரும்பத் திரும்ப நடந்தால் உங்கள் பெயரைப் பார்த்ததும் கண் தானாகத் தாண்டும். இதுதான் பெரிய இழப்பு.

குணங்களில் ஒரே பொருள் தரும் சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்குப் பேர் சொன்னது உண்மை. ஒருவர் மட்டும் சொன்னதை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு பிடித்திருந்தாலும்.

கடைசியில் இதை ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு: "முப்பதை ஒட்டிய வயது, பொறுப்பு சீக்கிரமே தலையில் விழுந்தவர், சுற்றி வளைக்காமல் பேசுபவர், மற்றவர்கள் உடையும்போது நிலைமையைக் கையில் எடுப்பவர்." இப்படி ஒரு முதன்மை வாக்கியம், அதற்கு அக்கம்பக்கமாக இரண்டு. ஏஜென்ட்டோ ஒருங்கிணைப்பாளரோ உங்களைப் பற்றித் தொலைபேசியில் சொல்லும்போது இந்த வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். அவர் வாயில் வருவது வேறாக இருந்தால் நீங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு நடிகர்களை விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

படச்சட்டம்:

படம், ரீல் பக்கத்தை மட்டும் நான் சொல்றேன்.

பன்னிரண்டு படத்தை மூணு அல்லது நாலா குறைச்சிடுங்க. போலீஸ் உடை, விவசாயி வேஷமெல்லாம் முதல்ல போகணும். முழு உடையில எடுத்த படம் உடையைத்தான் காட்டும். "இவருக்கு இந்த ஒரு வேலைதான் வரும் போல"ன்னு படிக்கப்படும். குறிப்பால உணர்த்தினா போதும். கழுத்துப் பொத்தான் போட்ட வெளிர்நீலச் சட்டைன்னா அலுவலகம், நீதிமன்றம், மருத்துவமனை மூணுக்கும் போகும். கழுத்து தளர்ந்த மங்கின டீ-ஷர்ட்ன்னா உழைக்கிற ஆள், வேலை தேடுறவன், பக்கத்து வீட்டுக்காரன். ஸ்டெதஸ்கோப் மாட்டவே வேண்டாம்.

ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மாற வேண்டியது கண்ணுல இருக்கிற எண்ணம். சட்டை மாறி முகம் அப்படியே இருந்தா அது ஒரே படம்தான். தேர்வுமேசை சொன்ன மூணு வாக்கியத்தையும் எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு லுக். எடுக்கிறப்ப "சிரிங்க", "கம்பீரமா பாருங்க"ன்னு சொல்றதைவிட, மனசுக்குள்ள எதிரில இருக்கிறவர்கிட்ட ஒரு வரி பேசுங்க. "நீ போ, நான் பார்த்துக்கறேன்"னு நினைச்சா வர்ற பார்வை வேற, "இதை யார் செஞ்சது?"ன்னு நினைச்சா வர்றது வேற. கீழ் இமை லேசா இறுகுறது படத்துல அப்படியே தெரியும்.

தொழில்நுட்பத்துல பிசகுற இடங்கள்: மொபைலை முகத்துக்குக் கிட்ட வச்சு எடுத்தா மூக்கு பெருத்து, காது பின்னால போயிடும். அதனால முகத்தோட அமைப்பே மாறித் தெரியும். ரெண்டு மீட்டராவது தள்ளி நின்னு, டெலி லென்ஸ் (தூரத்துல இருக்கிறதைக் கிட்ட காட்டுறது) இருந்தா அதுல எடுக்கணும். பெரிய கேமரான்னா 85 மில்லிமீட்டர் லென்ஸ் முகத்துக்குச் சரியா வரும். வெளிச்சம் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ரெண்டு கண்ணுலயும் ஒளிப்புள்ளி விழணும். நேர் உச்சியில விளக்கு இருந்தா கண்குழி கறுத்து, கடுகடுப்பான ஆளா தெரிவீங்க. பின்சுவரை விட்டு ஒன்றரை மீட்டர் முன்னால வாங்க, நிழல் விழாது. ஃபோகஸ் கண்ணுல இருக்கணும், காதுலயோ சட்டையிலயோ இருந்தா அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுடுங்க.

ரீடச் (எடுத்த படத்தைத் திருத்துறது) விதி ரொம்ப சுலபம்: ரெண்டு வாரத்துல போயிடற பருவை எடுக்கலாம், மச்சம், தழும்பு, நெத்திச் சுருக்கம் எதையும் தொடக் கூடாது. அறைக்குள்ள நடந்து வர்ற ஆளும் படத்துல இருக்கிற ஆளும் ஒண்ணா இல்லைன்னா அங்கேயே நம்பிக்கை போயிடும்.

எடுத்து முடிச்சதும் படத்தைக் கட்டைவிரல் நக அளவுக்குச் சின்னதாக்கிப் பாருங்க. தேடுறவங்க பார்க்கிறது அந்த அளவுலதான். அதுல முகம் ஃப்ரேம்ல பாதியாவது நிறையணும், பார்வை தெரியணும். தெரியலைன்னா பெரிய அளவுல எவ்வளவு அழகா இருந்தாலும் முதல் படமா வைக்காதீங்க.

ஷோரீல் 60லேருந்து 90 விநாடி. முதல் 5 விநாடிக்குள்ள உங்க முகம், உங்க குரல். பாட்டு போட்ட தொகுப்பு, பேர் பறந்து வர்ற கிராஃபிக்ஸ் எதுவும் வேண்டாம். எதிர்ல நடிக்கிறவர் பெரிய நடிகர்ங்கிறதுக்காக அவர் அதிகமா பேசுற துண்டைப் போட்டா, பார்க்கிறவங்க அவரைத்தான் பார்ப்பாங்க. முதன்மை டைப்புக்குப் பொருந்துற துண்டு முதல்ல, 20–25 விநாடி. பக்கத்து டைப் அடுத்தது. டைப்புக்குச் சம்பந்தமே இல்லாத, ஆனா நல்லா நடிச்ச துண்டு இருக்கா? அதைத் தனிக் கோப்பா வச்சுக்குங்க, ரீல்ல கலக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாவும் ஏற்றி "டாக்டர், கெட்ட செய்தி, 22 விநாடி"ன்னு பேர் வச்சிட்டா, கேட்கிறப்ப ஒரு நிமிஷத்துல அனுப்பிடலாம்.

செல்ஃப் டேப்ல பலரும் கவனிக்காத ஒண்ணு கேமராவோட உயரம். கண் மட்டத்துக்குக் கீழ வச்சா நீங்க அதிகாரத்துல ஏறுவீங்க, மேல வச்சா இறங்குவீங்க. மேசை மேல புத்தகத்துல சாய்ச்சு வச்ச மொபைல் எப்பவும் கீழேருந்து பார்க்கும். பயந்த குமாஸ்தா வேஷத்துக்கு அனுப்பற டேப் அப்படி இருந்தா நடிப்பு ஒண்ணு சொல்லும், ஃப்ரேம் வேற சொல்லும். சரியா கண் மட்டம், படுக்கை வாக்குல ஃப்ரேம், மார்பு வரைக்கும். பார்வை லென்ஸுக்கு ஒட்டின பக்கத்துல; ஒரு சாண் தள்ளிப் போனாலே கண்ணுல பாதி போயிடும். எதிர் வசனம் படிக்கிறவர் மைக்குக்குக் கிட்ட நின்னா அவர் குரல் உங்க குரலை அமுக்கும், காட்சியில நீங்க சின்ன ஆளாயிடுவீங்க. அவரைக் கேமராவுக்குப் பின்னால நிறுத்தி மெதுவா படிக்கச் சொல்லுங்க. நெருக்கமான கோடு போட்ட சட்டை வேண்டாம், வீடியோவுல நெளியும்.

ஒத்திகைக்கூடம்:

மேலே இருவரும் சொன்னவை சரி. நடிப்புப் பயிற்சி பக்கமிருந்து ஒரு திருத்தமும் சில சேர்க்கைகளும்.

திருத்தம்: அந்நியர்களிடம் கேட்பது பாதிதான் சொல்லும். அது நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பதற்கான பதில். சந்தை உங்களை எதற்காகக் கூப்பிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஆடிஷன் பதிவேடு வேண்டும். ஒரு தாளில் பத்திகள்: தேதி, வேடம், குறிப்பில் எழுதியிருந்த வயது, தொழில், அதிகாரம் மேலா கீழா, கதையில் அந்த வேடம் செய்யும் வேலை, நீங்கள் அனுப்பிய படம் எது, முடிவு. முடிவில் நான்கு நிலைகள்: பதில் இல்லை, கால்பேக் (இரண்டாவது முறை பார்க்கக் கூப்பிடுவது), தேதி கேட்டு நிறுத்திவைத்தது, ஒப்பந்தம்.

கவனிக்க வேண்டியது கால்பேக்கை. ஒப்பந்தம் ஆகாததற்கு உங்களுக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள் நிறைய: தங்கையாக நடிப்பவரின் சாயல் பொருந்தாது, நாயகனைவிட உயரம், தேதி மோதல். கால்பேக் என்பது "இந்த ஆள் இந்த வேடமாக இருக்கலாம்" என்று அவர்கள் ஒருமுறை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். கற்பனையாக ஒரு கணக்கு: 30 ஆடிஷனில் நண்பன் வேடம் 14, கால்பேக் 1. பொறுப்பில் இருக்கும் இளைஞன் வேடம் 8, கால்பேக் 4. மற்றவை 8, கால்பேக் 1. இந்த நடிகர் தன்னை நண்பனாகவே நினைத்து அங்கேயே அதிகம் விண்ணப்பிக்கிறார். சந்தை அவரைப் பொறுப்பில் வைத்துப் பார்க்கிறது. இருபத்தைந்து முப்பது பதிவுக்கு முன்னால் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஐந்தாறு ஆடிஷனை வைத்துப் பார்த்தால் தற்செயலும் டைப் போலத் தெரியும்.

மேடைவிளக்கின் இளமையான முகமும் கனமான குரலும் பற்றி. இது முரண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இதற்கென்றே வேடங்கள் இருக்கின்றன: வயதுக்கு மீறிய பொறுப்பு. முதல் பெரிய வழக்கை எடுத்திருக்கும் வக்கீல், அப்பா இல்லாத வீட்டின் மூத்த பிள்ளை, தன்னைவிட மூத்தவர்களை வேலை வாங்க வேண்டிய மேற்பார்வையாளர். புகைப்படம் மட்டும் பார்த்தவர் 31 என்றும் ஆடியோ மட்டும் கேட்டவர் 37 என்றும் சொன்னால், நடுவில் 34 என்று எழுதுவதில் அர்த்தமில்லை. கேமரா முகத்தைத்தான் முதலில் காட்டும். வயது வரம்பை முகத்தை வைத்துப் போடுங்கள், அதாவது 27–35 போல. குரலை குணத்துக்குக் கணக்கில் எடுங்கள்.

இந்தக் கலவை உள்ளவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. முகம் இளசு என்பதால் குரலை இன்னும் கீழே அழுத்திப் பேசுவார்கள். தொண்டை இறுகும், வசனத்தின் கடைசி எழுத்துகள் கரகரத்து மறையும், கேட்பவருக்குப் பெரிய மனிதராகப் பாவனை செய்யும் பையன் என்று தோன்றும். இயல்பான சுருதியிலேயே பேசுங்கள், சத்தத்தை மட்டும் குறையுங்கள். மைக் முக்கால் மீட்டர் தூரத்தில் இருக்கிறது, கடைசி வரிசைக்கு அனுப்பத் தேவையில்லை.

நாடகத்திலிருந்து வருபவர்களுக்கு டைப்பை அழிக்கிற வேறு சில பழக்கங்களும் இருக்கும். எதிரில் உள்ளவர் பேசும்போது தொடர்ந்து தலையாட்டுவது: மேடையில் கவனிக்கிறேன் என்று காட்டும், க்ளோஸப்பில் அனுமதி கேட்பது போலத் தெரியும், அதிகாரம் போய்விடும். வசனம் முடிந்ததும் வரும் சின்னச் சிரிப்பு: கண்டிப்பான வரியைச் சொல்லிவிட்டு உதட்டோரம் தளர்ந்தால் வரியே ரத்தாகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புருவம் ஏறுவது: ஆச்சரியப்படும் ஆள், அப்பாவி. இவை உங்களிடம் இருக்கின்றனவா என்று பார்க்க எளிய வழி, பழைய செல்ஃப் டேப்புகளைச் சத்தம் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவது. வேடம் மாறியும் எது மாறாமல் வருகிறதோ அதுதான் பழக்கம். "டைப் பிடிபடவில்லை" என்ற பதிலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும்: முகம் ஒரு ஆளைச் சொல்கிறது, பழக்கம் வேறொரு ஆளைச் சொல்கிறது.

இன்னொன்று, இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அந்நியர்கள் சொல்லும் பதிலிலும் வேடக் குறிப்பிலும் முன்முடிவுகள் கலந்தே வரும். தோல் நிறம், உடல் பருமன், பேச்சு வழக்கு இவற்றைப் பார்த்ததும் அடியாள், வேலையாள், கேலிக்குரியவர் என்று ஒட்டும் பதில்கள். அவற்றை உங்கள் டைப் என்று பதிவேட்டில் ஏற்றாதீர்கள். பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்தப் பதில் ஆள் என்ன செய்வார் என்று சொல்கிறதா, அல்லது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று மட்டும் சொல்கிறதா? "மிரட்டாமலேயே பயப்பட வைப்பார்" என்பது நடிகருக்குப் பயன்படும் தகவல். "ரௌடி மாதிரி இருக்கார்" என்பதில் நிறத்தையும் உடம்பையும் தவிர ஒன்றும் இல்லை. ஏன் அப்படித் தோன்றியது என்று மேலும் ஒரு கேள்வி கேளுங்கள். உருப்படியாக ஏதாவது வந்தால் எழுதிக்கொள்ளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். செய்ய விரும்பாத வேடங்களையும் முன்கூட்டியே பட்டியலிட்டு ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடுவது நல்லது. படப்பிடிப்புக்கு முந்தின நாள் மறுப்பதைவிட அது எல்லோருக்கும் மரியாதை.

மேடைவிளக்கு:

மூவருக்கும் நன்றி. தலையாட்டுவது பற்றிச் சொன்னதும் பழைய டேப்புகளைச் சத்தமில்லாமல் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

இரண்டு சந்தேகம். டைப்பில் முடங்குவது பற்றி யாரும் தொடவில்லை. அடுத்து, தாடி வைத்தும் வைக்காமலும் இரண்டு லுக் போடலாமா, ஒன்றை எடுத்துவிட வேண்டுமா?

தேர்வுமேசை:

முடங்குவது பற்றி. முதலில் ஓர் இடத்தில் பெயர் வர வேண்டும், பிறகுதான் அங்கிருந்து நகர முடியும். நகர்வதும் பக்கத்து வீட்டுக்கு நகர்வது போலத்தான் நடக்கும், ஊர்விட்டு ஊர் பாய்வது அபூர்வம். நான்கு கூறுகளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொறுப்பான வக்கீலாக வருபவர் அடுத்து பொறுப்பான, ஆனால் பொய் சொல்கிற வக்கீலாக வரலாம்: வயது, அதிகாரம், வேகம் அதேதான், கதையில் செய்யும் வேலை மட்டும் மாறுகிறது. பார்வையாளருக்கு அந்த முகத்தின் மேல் ஏற்கெனவே நம்பிக்கை இருப்பதால்தான் பொய் உறைக்கும்.

இதற்குத் தெளிவான சான்று ஹாலிவுட் நடிகர் ஹென்றி ஃபோண்டா. பல பத்தாண்டுகள் நேர்மையான மனிதர்களாகவே நடித்தவரை 1968-இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்தில் ஈவிரக்கமற்ற கொலைகாரனாகப் போட்டார். வில்லன் என்பதால் ஃபோண்டா மீசை வைத்து, பழுப்பு நிற லென்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். லியோனே இரண்டையும் எடுக்கச் சொன்னார். மக்கள் அறிந்த அந்த நீலக் கண்கள்தான் அவருக்குத் தேவைப்பட்டன. டைப்புக்கு எதிராக நடிக்கும்போது டைப்பை மறைத்தால் எதிர்ப்பு என்பதே இல்லாமல் போய்விடும்.

அதற்கு ஆதாரமும் கையில் இருக்க வேண்டும். அமெரிக்க நடிகர் பிரையன் க்ரான்ஸ்டன் 2000 முதல் 2006 வரை ஒரு நகைச்சுவைத் தொடரில் அசட்டு அப்பாவாக வந்தவர். 2008-இல் தொடங்கிய 'பிரேக்கிங் பேட்' என்ற தீவிரமான குற்றத் தொடருக்கு அவர் பெயர் வந்தபோது சேனல்காரர்கள் தயங்கினார்கள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன், 1998-இல் க்ரான்ஸ்டன் நடித்த 'எக்ஸ்-ஃபைல்ஸ்' எபிசோடு ஒன்றைப் போட்டுக் காட்டினார், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். படச்சட்டம் மேலே சொன்ன தனிக் கோப்பு எதற்கென்றால் இதற்குத்தான். "என்னால் வேறுமாதிரியும் முடியும்" என்று சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள், 40 விநாடித் துண்டைப் பார்ப்பார்கள். குறும்படமோ நாடகப் பதிவோ, ஒலி சுத்தமாக இருந்தால் போதும். ரீலோடு கலக்காமல் வைத்திருந்து, அந்த வகை வேடம் வரும்போது மட்டும் அனுப்புங்கள்.

வயதும் உங்களை நகர்த்தும். 27–35 என்பது நிரந்தரம் இல்லை. முன்நெற்றி ஏறும், கன்னம் மாறும். ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்நியர் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எடை சட்டென மாறினால், முடியை வெட்டினால், உடனே. நாற்பதை நெருங்குகிறவர்கள் பழைய இளைஞன் படத்தைக் கழற்ற மனமில்லாமல் இரண்டு மூன்று வருடம் வேடமே வராமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. அப்பா வேடங்களுக்கு அவர்கள் எப்போதோ தயாராகியிருப்பார்கள், படம் அதைச் சொல்லியிருக்காது.

படச்சட்டம்:

தாடிக்கு: இன்னைக்கு முகம் எப்படி இருக்கோ அதுதான் முதல் படம். மத்தது ரெண்டாவதா இருக்கலாம், ஆனா எவ்வளவு நாள்ல அந்த நிலைக்கு வர முடியும்னு கீழ எழுதணும்: "தாடி, 3 வாரம்" மாதிரி. எடுக்கிறது பத்து நிமிஷம், வளர்க்கிறதுக்குத்தான் அவகாசம் வேணும். அதனால எந்தப் பக்கம் கால்பேக் வருதுன்னு தெரியாத வரைக்கும் தாடியோட இருக்கிறது சௌகரியம். வேற படப்பிடிப்பு நடந்துக்கிட்டிருந்து கன்டின்யூட்டிக்காக, அதாவது காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாம இருக்க, தாடியைத் தொட முடியாதுன்னா அந்தத் தேதியையும் போட்டுடுங்க. தேர்வு பண்ணிட்டு உடை அளவு எடுக்கிற அன்னைக்குத்தான் இது தெரியவந்தா வேஷம் கைமாறிடும்.

உங்க முகத்துக்குத் தாடி எத்தனை வயசு கூட்டுதுன்னும் சோதிச்சுப் பாருங்க. ரெண்டு படத்தையும் வேற வேற ஆளுங்ககிட்ட காட்டி வயசு மட்டும் கேளுங்க. நாலஞ்சு வயசு கூடுதுன்னா 27–35ங்கிறது தாடியோட 31–39 ஆகும். அப்ப அது வேற லுக் மட்டுமில்ல, வேற வேடப் பட்டியல். ப்ரொஃபைல்ல வயது வரம்பு ஒண்ணுதான் போட முடியும்னா முதல் படத்துக்குப் பொருந்துறதைப் போடுங்க, முதல் படத்தை மாத்தற அன்னைக்கே அதையும் மாத்துங்க.